முப்பிடாதியம்மாள் தோல் பட்டறை

அரம் பித்தளையைத் தேய்க்கும் சத்தத்தோடுதான் அந்தச் சந்தில் பொழுது விடியும். கழிமுகத்தை ஒட்டிய தோல் கிடங்குகளிலிருந்து சுண்ணாம்பில் ஊறிய தோலின் வாடையும் மழித்த மயிரின் வாடையும் ஈரக்காற்றில் ஏறித் தகரக் கொட்டகைக்குள் நுழையும். தாராவித் தோல் வேலைக்காரர்களுக்கு அது சோறு போடும் வாடை. அதை அவர்கள் குறை சொல்லமாட்டார்கள். அவர்களைக் குமட்ட வைத்தது கொட்டகைக்குள்ளேயே கிளம்பிய வேறொரு நெடி.

முப்பிடாதியம்மாள் முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு திராவகத் தொட்டிக்கு முன்னால் நின்றாள். கம்பியில் கோத்த பித்தளைப் பக்கிள்களை மூங்கில் பிடியால் தொட்டிக்குள் இறக்கினாள். சுர்ரென்று பொங்கி, செம்பழுப்பாய்ப் புகை எழுந்தது. முகத்தைத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பியைத் தூக்கிப் பக்கத்துத் தண்ணீர்ப் பீப்பாயில் அமுக்கினாள். அரம் போட்ட கீறல் மறைந்து பித்தளை புதுசாய் மின்னியது. அடுத்த கம்பி. அடுத்த புகை. வெயில் ஏறுவதற்குள் நெஞ்சுக்குள் மிளகாயை அரைத்துத் தடவினாற்போல் எரிந்தது.

அவளுக்கு இடதுபுறம் சாயிரா சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் பெல்ட்டை விரித்துப் போட்டுக் கண்ணாடிச் சில்லால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பெல்ட் முழுக்கப் பச்சைப் பூஞ்சணம். எலி மூத்திரம் காய்ந்த மஞ்சள் திட்டுகள். சுரண்டச் சுரண்டப் பறக்கும் தூசி கண்ணிலும் நாக்கிலும் ஒட்டியது. பெல்ட்டின் உட்பக்கத்தில் சீமைக் கம்பெனி ஒன்றின் முத்திரை ஆழமாகப் பதிந்திருந்தது. அது ஒரு எழுத்தும் மிஞ்சாமல் போக வேண்டும். அவளைப் போல் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பேர். கொட்டகையைத் தடுத்த மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கமும் அதே வேலை.

அந்தப் பெல்ட்டுகள் யுத்தத்துக்காகக் கடல் தாண்டி வந்தவை. யுத்தம் முடிந்ததும் பட்டாளக் கிடங்குகளில் மலை மலையாய்க் குவிந்து கிடந்தன. சர்க்கார் அவற்றைக் கழிவுச் சாமான் என்று ஏலம் போட்டது. முதலாளி ஜகந்நாதன் பழைய இரும்பு வாங்குவதுபோல எடை போட்டு வாங்கினார். இப்போது முத்திரையைச் சுரண்டி, பக்கிளில் இருந்த எழுத்தை அரத்தால் ராவி, திராவகத்தில் முக்கி, கறுப்புச் சாயம் பூசி, 'இந்தியாவில் செய்தது' என்று காய்ச்சிய இரும்பால் சூடு போட்டு, அதே சர்க்காருக்கு விற்கப் போகிறார். கழிவென்று விற்றவன் கையிலேயே கைத்தொழில் என்று பெயர் வைத்துத் திருப்பிக் கொடுக்கும் வியாபாரம். இதற்காகத்தான் அறுபது பேர் விடியற்காலையில் எழுந்து வந்து நெஞ்சைப் புண்ணாக்கிக்கொண்டார்கள்.

இதெல்லாம் ஒரு நல்ல உத்தரவிலிருந்துதான் தொடங்கியது. சுதந்திரம் வந்த மறு வருஷக் கடைசி. மாதுங்காவிலிருந்து ரயிலேறி வரும் கணக்குப்பிள்ளை பஞ்சு ஒருநாள் பத்திரிகையும் கையுமாகக் கொட்டகை நடுவில் வந்து நின்றான்.

"எல்லாரும் கேட்டுக்கோங்கோ. இனிமே சர்க்கார் காவல்காராளுக்கு வாங்கற பெல்ட்டு, பை எல்லாம் நம்ம தேசத்திலேயே பண்ணினதா இருக்கணுமாம். அதிலேயும் சின்னப் பட்டறைகளுக்குத்தான் முதல் இடம். விலை கொஞ்சம் கூடப் போனாலும் அவாகிட்டேதான் வாங்கணும்னு ரூல் போட்டிருக்கா."

அன்றைக்குக் கொட்டகையில் கும்மாளம். சாயிராவின் அண்ணன் ஜமால், அந்தச் சந்திலேயே கை வேகத்துக்குப் பேர்போன தையல்காரன், தன் காசில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். யுத்தம் முடிந்ததிலிருந்து வாரத்தில் பாதி நாள் வேலையில்லாமல் கிடந்த கைகள் அவை. தோல் வெட்டவும் சீவவும் தைக்கவும் தெரிந்த அத்தனை பேருக்கும் வேலை வரப்போகிறது என்று நினைத்தார்கள். அந்த உத்தரவில் தப்பு ஒன்றுமில்லை. தப்பு அது போய்ச் சேர்ந்த கையில் இருந்தது.

ஜகந்நாதனும் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர்தான். யுத்தத்தில் பட்டாளத்துக்குப் பூட்ஸ் விற்றுக் கொழுத்தவர். கொடி மாறிய அன்றே சட்டையைக் கதராக மாற்றிக்கொண்டவர். சின்னப் பட்டறை என்றால் இருபது பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று பஞ்சு சொன்னதும் அவர் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. மூங்கில் தட்டி வாங்கி வந்து கொட்டகையை ஐந்தாகத் தடுத்தார். முன்பக்கத் தகரத்தை வெட்டி ஐந்து கதவு வைத்தார். ஐந்து பேரைக் கூப்பிட்டுக் காகிதங்களில் கைநாட்டு வாங்கினார். மறுநாள் ஒவ்வொரு கதவுக்கு மேலும் ஒரு போர்டு தொங்கியது. ஒன்றில் 'ஜமால் தோல் பட்டறை'. இன்னொன்றில் 'முப்பிடாதியம்மாள் தோல் பட்டறை'.

ஐந்து பேர் கழுத்திலும் அவரே சாமந்தி மாலை போட்டார். "இன்னையிலருந்து நீங்கல்லாம் முதலாளிமாரு. நான் உங்களுக்குச் சரக்கு குடுக்கவன், அம்புட்டுதான்" என்று சொல்லிச் சிரித்தார்.

முப்பிடாதியம்மாள் அன்று கொஞ்சம் மயங்கித்தான் போனாள். தேவ்நாரில் குப்பை வண்டி இறக்கும் புருஷனைக் கையோடு கூட்டிவந்து போர்டைக் காட்டினாள். எழுத்துத் தெரியாத அந்த மனிதன் கழுத்தை அண்ணாந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

தோல் வரும் என்று காத்திருந்தார்கள். மரப்பெட்டிகள் வந்தன. பெட்டியைத் திறந்ததும் கிளம்பிய பூஞ்சண வாடையில் இரண்டு பெண்கள் வாந்தி எடுத்தார்கள்.

முதல் சனிக்கிழமையே வாரக்கூலி நின்றது. "முதலாளிக்குக் கூலி ஏது? சொரண்டுன பெல்ட்டுக்கு இத்தனைன்னு தாரேன். அத நீங்க உங்க ஆளுகளுக்குப் பிரிச்சுக் குடுங்க" என்றார் ஜகந்நாதன். அடுத்த வாரம் அதையும் குறைத்தார். பக்கத்துப் பட்டறைக்காரன் இதைவிடக் குறைவாகச் செய்கிறேன் என்கிறான் என்று முப்பிடாதியிடம் சொன்னார். முப்பிடாதி குறைவாகச் செய்கிறாள் என்று ஜமாலிடம் சொன்னார். ஒரே கொட்டகைக்குள், ஒரே குழாயில் தண்ணீர் குடித்துக்கொண்டு, தட்டிக்கு இருபுறமும் இருந்து ஒருவர் வயிற்றில் ஒருவர் அடித்துக்கொண்டார்கள். குறைத்த கூலியை ஆட்கள் கையில் வைக்க வேண்டியவள் முப்பிடாதி. திட்டு வாங்கியவளும் அவள்தான்.

சாயிரா அவளோடு ஒன்றாய் உட்கார்ந்து ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டவள். அவள் பேச்சை நிறுத்தினாள். பேசினால் ஒரே சொல்தான்.

"முதலாளியம்மா, ஆசிட் தீந்துட்டு. புது ஜாடி எடுக்கட்டா?"

அந்தச் சொல் திராவகத்தைவிட அதிகமாய் எரித்தது.

*

திராவகம் பிரம்புக் கூடைக்குள் வைத்த பெரிய கண்ணாடி ஜாடிகளில் வரும். கூடைகள் ஈரத்தில் இற்றுப்போயிருந்தன. அடிப்பாகம் கையோடு வருகிறது என்று முப்பிடாதி பஞ்சுவிடம் ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லியிருந்தாள். "சொல்றேன், சொல்றேன்" என்றான் பஞ்சு.

ஆவணி மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், சாயிராவும் இன்னொருத்தியும் ஜாடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். கூடையின் அடி பிய்ந்தது. ஜாடி சாயிராவின் காலடியில் விழுந்து உடைந்தது. ஒரு கணம் ஒன்றும் நடக்காததுபோல இருந்தது. அப்புறம் அவள் அலறிய அலறலில் ஐந்து பட்டறையிலும் அரச் சத்தம் நின்றது.

முப்பிடாதி தண்ணீர்ப் பீப்பாயை அப்படியே சாய்த்துவிட்டாள். போதவில்லை. சாயிராவின் இரண்டு பாதங்களிலும், தெறித்த இடத்தைத் துடைக்கப் போன வலது கையிலும் தோல் மஞ்சளாகிக் கழன்றது. சேலை ஓரம் நூல் நூலாய் உதிர்ந்தது. செருப்பு இருந்திருந்தால் பாதியாவது தப்பியிருக்கும். தோல் பட்டறையில் வேலை செய்தவளுக்குச் செருப்பு இல்லை.

ஜமால் தங்கையைக் கைவண்டியில் கிடத்தித் தள்ளிக்கொண்டு ஓடினான். முப்பிடாதி வண்டியைப் பிடித்தபடி கூடவே ஓடினாள். மழையில் சேறு தெறிக்க சயான் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பஞ்சு பஸ்ஸில் வந்து முன்னமே நின்றுகொண்டிருந்தான். முதலாளி அனுப்பியிருக்கிறார் என்று முப்பிடாதிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வாசலில் பேர் பதிகிற ஆள் தலை நிமிராமல் கேட்டான்: "காம் கஹாங்? மாலிக் கோன்?"

வேலை எங்கே, முதலாளி யார் என்று கேட்கிறான். ஜமால் வாயைத் திறப்பதற்குள் பஞ்சு குனிந்து மெதுவாகச் சொன்னான்: "முப்பிடாதியம்மாள் தோல் பட்டறை. மாலிக் முப்பிடாதியம்மாள். இதோ, இவங்கதான்."

அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தான். முழங்கால்வரை சேறும் திராவகம் தின்ற சேலையுமாக ஒரு பெண். அவன் சிரித்தான். சிரித்துவிட்டு எழுதிக்கொண்டான்.

*

மறுநாள் காலை ஜமாலும் முப்பிடாதியும் ஜகந்நாதனின் அறைக்குப் போனார்கள். கொட்டகையின் ஒரு மூலையில் அவருக்கு மட்டும் செங்கல் அறை. ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அவர் டவராவில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, சாயிராவுக்குக் கைவெரலு ரெண்டு ஒட்டிக்கிட்டு. கால்ல எலும்பு தெரியுதுன்னு டாக்டர் சொல்லுதாரு. ஏதாவது செய்யணும்" என்றாள் முப்பிடாதி.

"செய்யத்தாம் வேணும். யாரு இல்லைன்னா? நீ செய்யி."

"நானா?"

"ஒம் பட்டறையில வேல செஞ்சவ. போர்டுல யாரு பேரு இருக்கு? சட்டப்படி நட்டஈடு நீதாம் குடுக்கணும்."

"கூடை இத்துப்போச்சு, இத்துப்போச்சுன்னு தொண்டத்தண்ணி வத்தச் சொன்னேனே முதலாளி?"

"பட்டறைச் சாமான நல்லபடியா வச்சுக்கிடுததும் முதலாளி பொறுப்புதாம்ளா." காப்பியை ஒரு வாய் உறிஞ்சினார். "நான் சரக்கு குடுக்கேன், சரக்கு எடுக்கேன். நடுவுல உங்க பட்டறையில நடக்கதுக்கெல்லாம் நான் எப்படிப் பொறுப்பாவேன்?"

ஜமாலின் கழுத்து நரம்பு புடைத்தது. "உங்க வாயால சொல்லுங்க. இது யாரு கொட்டகை?"

"எடம் என்னுது. பட்டறை உங்களுது. காகிதத்துல கைநாட்டு வச்சது யாரு? நானா புடிச்சு அமுக்குனேன்?"

ஜகந்நாதன் டவராவைக் கீழே வைத்து வாயைத் துடைத்துக்கொண்டார். குரலில் பாசம் வழிந்தது.

"இங்க பாருங்க. நாளன்னைக்குக் கொள்முதல் இன்ஸ்பெக்டர் வாராரு. திருவேங்கடம்னு பேரு, நம்ம தமிழ்க்காரருதான். அன்னைக்கு ஆசிட் தொட்டி கண்ணுல படக் கூடாது. பெட்டியெல்லாம் பின்னால போயிரணும். கிடங்குலருந்து நல்ல தோலா வாடகைக்குச் சொல்லியிருக்கேன். எல்லாரும் தோல வெட்டுத மாதிரி, தைக்க மாதிரி உக்காந்திருக்கணும்."

"மாதிரி எதுக்கு முதலாளி? தோல வாங்கிக் குடுங்க. நெசமாவே வெட்டித் தைக்கோம்" என்றான் ஜமால்.

"நெசமாத் தச்சா எனக்கு என்னல மிஞ்சும்?" என்று அவர் சிரித்தார். அப்படி ஒரு வெள்ளைச் சிரிப்பு. "ஆர்டர் பாசாவட்டும். சாயிராவுக்குப் பாத்துச் செய்வோம். அதுக்குள்ள ஏறுக்கு மாறாப் பேசுனா, போலீசு முதலாளியத் தேடித்தான் வருவான். அது யாருன்னு ஆஸ்பத்திரியில எழுதியாச்சு."

கதவை விட்டு வெளியே வரும்போது கூப்பிட்டார். "முப்பிடாதி, ஆசிட் ஜாடி தூக்க ஆள் கொறையுது பாரு. இன்ஸ்பெக்டர் போனதும் சாயிரா எடத்துல ஒருத்திய நிப்பாட்டிரு."

*

அன்று மாலை அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெண்கள் வார்டில் இடமில்லாமல் சாயிராவைத் தாழ்வாரத்தில் கிடத்தியிருந்தார்கள். கை, கால் எல்லாம் துணிச்சுருள். மருந்து நெடியில் ஈக்கள் மொய்த்தன. முப்பிடாதி பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் ஈ விரட்டினாள்.

சாயிரா கண்ணைத் திறந்தாள். "வந்துட்டியளா முதலாளியம்மா? நட்டஈடு கொண்டாந்தியளா?"

"ஏளா, என்னைக் கொல்லாத."

"நான் எங்க கொல்லுதேன்? எங்க ஜமால் காக்கா எல்லாம் சொல்லிட்டாவ. நீதாம் எனக்கு முதலாளியாம்." வலியில் பல்லைக் கடித்துக்கொண்டாள். "நீ முதலாளின்னா பட்டறையப் பூட்டேன் பாப்போம். அந்தாளு வந்தா, வெளிய போடான்னு சொல்லேன். முதலாளிக்கு அதெல்லாம் முடியாதோ? எங்க கூலியக் கொறைக்க மட்டுந்தான் முடியுமோ?"

வஞ்சமாகச் சொன்ன பேச்சு அது. முப்பிடாதிக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுபோனாள். ஈ விரட்டிய கையும் நின்றது.

"என்ன, கோவமா?" என்றாள் சாயிரா.

"இல்லளா. நீ சொன்னத நெனச்சுப் பாக்கேன்."

அங்கிருந்து நேரே சந்துக்கு வந்தாள். ஜமாலையும் மற்ற மூன்று போர்டுக்காரர்களையும் கூப்பிட்டாள். ஐந்து பட்டறை ஆட்களும் குழாயடியில் கூடிவிட்டார்கள். அவள் தன் மனதில் வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் ஏச்சும் பேச்சும் கிளம்பின.

"கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு?" என்றான் சுடலைமுத்து. ஐந்து பிள்ளைக்காரன், அரம் பிடித்துப் பிடித்து உள்ளங்கை மரத்துப்போனவன். "ஆர்டர் போச்சுன்னா கஞ்சியும் போச்சு. நாத்தமோ நறுமணமோ, இப்ப அதுதான அடுப்பெரிக்கு?"

பலர் தலையாட்டினார்கள். அவன் சொன்னதில் பொய்யில்லை.

"சரி அண்ணாச்சி. இன்ஸ்பெக்டர் போனதும் ஜாடி தூக்க, சாயிரா எடத்துல ஆள் நிப்பாட்டணுமாம். எங்கிட்டச் சொல்லிட்டாரு. நாந்தான முதலாளி? யார நிப்பாட்டட்டும்? நீங்களே ஒரு பேரச் சொல்லுங்க."

சுடலைமுத்து வாயைத் திறந்தான். கூட்டத்தில் அவன் பெண்சாதி நின்றாள். பக்கத்தில் மூத்த மகள் நின்றாள். அவன் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

"சொல்லுங்க" என்றாள் முப்பிடாதி மறுபடியும்.

யாரும் ஒரு பேரும் சொல்லவில்லை.

"நான் ஜமாலுக்குப் போட்டியாக் கொறைச்சேன். ஜமாலு எனக்குப் போட்டியாக் கொறைச்சாரு. நம்ம ரெண்டு பேருட்டயும் அந்தாளு பொய் சொல்லியிருக்கான். நாங்க அஞ்சு பேரும் இனிக் கேட்டுக்கிட்டுத்தான் எதையும் செய்வோம். நீங்க எல்லாரும் சொல்லுங்க, இன்ஸ்பெக்டர் வார அன்னைக்குப் பூட்டவா, வேண்டாமா?"

சுடலைமுத்துதான் முதலில் பேசினான். "சங்கிலி எங்க வீட்டுல கெடக்கு. கொண்டாரேன்."

*

இன்ஸ்பெக்டரின் மோட்டார் சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றது. ஜகந்நாதன் குடை பிடிக்க, திருவேங்கடம் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு சேற்றைத் தாண்டித் தாண்டி வந்தார். பஞ்சுவின் கையில் ரோஜா மாலை.

ஐந்து கதவுகளும் சாத்திச் சங்கிலி போட்டிருந்தன. ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் அந்தப் போர்டுக்குரியவர் நின்றார். வாடகைத் தோலெல்லாம் விடியற்காலையிலேயே கிடங்குக்குத் திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பதிலாக மரப்பெட்டிகளும் திராவகத் தொட்டியும் தெருவில் இருந்தன. சாயிரா ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோரும் பெட்டிகளைச் சுற்றி நின்றார்கள்.

ஜகந்நாதனின் முகம் வெளுத்தது. குரலைத் தாழ்த்தி, "ஏளா, என்ன இது? கதவத் தொற" என்றார்.

"நீங்க யாரு?" என்றாள் முப்பிடாதி சத்தமாக.

"என்ன கேட்ட?"

"நீங்க யாருன்னு கேட்டேன். இது எம் பட்டறை."

திருவேங்கடம் கைக்குட்டையை எடுக்காமலே கேட்டார்: "நீதான் முப்பிடாதியம்மாளா? பட்டறையைப் பாக்க வந்திருக்கேன். ஏன் பூட்டியிருக்கு?"

"பட்டறைக்குள்ள ஒண்ணுமில்ல சார். பாக்க வேண்டியது எல்லாம் இங்கதான் இருக்கு." பெட்டிக்குள் கைவிட்டுப் பூஞ்சணம் பிடித்த பெல்ட் ஒன்றையும், சூடு போட்ட கறுப்புப் பெல்ட் ஒன்றையும் எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "இது காலையில வாரது. இது சாயங்காலம் போறது. நடுவுல நாங்க செஞ்சதெல்லாம் சொரண்டுனதுதான். சர்க்கார் வித்த சாமானச் சர்க்காருக்கே விக்கோம் சார்."

திருவேங்கடம் முத்திரையைப் பார்த்தார். பார்க்காததுபோலத் தலையைத் திருப்பினார்.

ஜகந்நாதன் பாய்ந்தார். "சார், இதுகள் பேச்சக் கேக்காதீங்க. யாரோ கெளப்பி விட்டிருக்கான். எங் கொட்டகையில எஞ் சம்பளம் வாங்கித் தின்னுட்டு எனக்கே..."

அவர் சட்டென்று நிறுத்தினார். நிறுத்தும்போதே நேரம் கடந்துவிட்டிருந்தது.

"உங்க சம்பளமா?" என்றார் திருவேங்கடம். "அஞ்சும் தனித்தனிச் சின்னப் பட்டறைன்னுதானே எங்களுக்கு எழுதியிருக்கேள்?"

"ஆமா சார். தனித்தனிதான். இவங்கதான் முதலாளி."

"அப்பம் நாங்க கூப்புட்டாத்தான நீங்க உள்ள வரணும்?" என்றான் ஜமால். "நாங்க கூப்புடல."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் சிரித்தார். அந்தச் சந்தில் பல மாதமாய்க் கேட்காத சிரிப்பு பெட்டிக்குப் பெட்டி தாவியது. ஜகந்நாதனின் கதர்ச்சட்டை முதுகில் வேர்த்து ஒட்டிக்கொண்டது.

முப்பிடாதி இன்னும் பெல்ட்டை நீட்டியபடியே நின்றாள். "எழுதிக்கிடுங்க சார். ஒரு பிள்ளைக்குக் கையும் காலும் வெந்து ஆஸ்பத்திரியில கெடக்கு. அதையும் எழுதிக்கிடுங்க."

திருவேங்கடம் மோட்டார் நின்ற பக்கம் பார்த்தார். "இன்னிக்குப் பரிசோதனை நடக்கலைன்னு எழுதிக்கறேன். இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"நடந்துச்சுல்லா சார்? கண்ணால பாத்தியள்லா?"

"கண்ணால பாத்ததையெல்லாம் எழுத முடியுமாம்மா?" என்றார் அவர். வெட்கத்தோடுகூடச் சொல்லவில்லை. அலுப்போடு சொன்னார். சொல்லிவிட்டுச் சேற்றைத் தாண்டி நடந்தார். குடையோடு ஜகந்நாதனும், மாலையோடு பஞ்சுவும் பின்னால் ஓடினார்கள்.

முப்பிடாதியின் வாயில் பல மாதத்துத் திராவகப் புளிப்பு ஊறி நின்றது. காறித் துப்பினாள். இன்ஸ்பெக்டர் நின்ற இடத்தில், அவருடைய பூட்ஸ் சுவட்டின் மேல் விழுந்தது. அவளுக்கு அது போதவில்லை.

அன்று மாலை அவள் போய்ச் சொன்னபோது சாயிரா நம்பவில்லை. "நெசமாப் பூட்டிட்டியாக்கா?" என்று கேட்டாள். பிறகு துணி சுற்றிய கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். முப்பிடாதி கொண்டுபோன கஞ்சியை அவளுக்கு ஊட்டிவிட்டு, மிஞ்சியதை அதே தூக்குவாளியிலிருந்து தான் குடித்தாள்.

*

மறுநாள் விடிந்தபோது கொட்டகையில் ஜகந்நாதனின் பூட்டுகள் தொங்கின. இடம் அவருடையது, அதைச் சொல்ல ஒரு போலீஸ்காரனும் நின்றான். சந்து முனையில் நின்ற லாரி ஒன்றில் ஆட்கள் மரப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஆண்டாப் ஹில்லில் வேறொரு கொட்டகை பிடித்தாயிற்று, அங்கேயும் தட்டி அடித்தாயிற்று, வேறு ஐந்து பேர் கைநாட்டும் வைத்தாயிற்று என்று செய்தி வந்தது. அழுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

முப்பிடாதி லாரிக்கு முன்னால் போய்ச் சேற்றில் உட்கார்ந்தாள். ஜமால் பக்கத்தில் உட்கார்ந்தான். சுடலைமுத்து பெண்சாதியோடும் மகளோடும் வந்து உட்கார்ந்தான். ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார, சந்தின் வாய் அடைபட்டது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தான். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைத்தான். போலீஸ்காரன் மராத்தியில் வைது, தடியால் லாரியின் தகரத்தில் தட்டினான்.

மத்தியானம் பஞ்சு குடை பிடித்துக்கொண்டு வந்தான். சேறு படாத இடமாகப் பார்த்து நின்றான்.

"முதலாளி சொல்லி அனுப்பினார். வழியை விட்டுட்டா பழைய வாரக்கூலியே எல்லாருக்கும் தரேங்கறார். முப்பிடாதி ஒருத்தி மட்டும் வேண்டாமாம். சாயிரா விஷயம் அவ கேஸ், அவளே பாத்துக்கணுமாம்."

பதில் சொல்ல வேண்டியவள் தான் இல்லை என்று முப்பிடாதிக்குத் தெரிந்தது. பழைய கூலி. ஐந்து பிள்ளைகள். அவள் சுடலைமுத்துவின் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டாள்.

ஜமால் கேட்டான்: "எங்க தங்கச்சிக்கு நட்டஈடு யாரு குடுக்கது?"

"அதான் சொன்னேனே..."

"தோலு எப்ப வரும்? நெசத் தோலு?" இது சுடலைமுத்துவின் குரல். "எங்களுக்குச் சொரண்டத் தெரியாது கணக்குப்பிள்ள. தைக்கத் தெரியும். சர்க்கார் கேட்டது அதத்தான். ஒம்ம முதலாளி கிட்டப் போயிச் சொல்லும், முப்பிடாதி இல்லாம ஒருத்தரும் உள்ள வரமாட்டோம்னு."

பஞ்சு நின்று பார்த்தான். பதில் மாறுவதாக இல்லை. குடையைச் சாய்த்துக்கொண்டு திரும்பிப் போனான்.

மழை வலுத்தது. வெற்று வயிறுகளோடு நனைந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்கு அடுப்பு எப்படி எரியும் என்று யாருக்கும் தெரியாது. இன்னும் இரண்டு லாரி போலீஸ் வரும் என்று பேச்சு அடிபட்டது. வரலாம்.

அப்போது தோல் கிடங்குகள் இருந்த பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நிற்பவர்கள். முழங்கால்வரை வெள்ளையாக வெந்த கால்கள், இடுப்பில் சாக்கு, கையில் கொழுப்பு வழியும் கத்திகள். முன்னால் வந்த பெண் கத்தியைச் சாக்கில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எங்க முதலாளியும் கிடங்க நாலாத் தடுத்திருக்கான். எங்களுக்கும் போர்டு மாட்டியிருக்கான். கூலி கேட்டா நீதான முதலாளிங்கான்" என்றாள் அவள். "நீங்க பூட்டிட்டியன்னு கேள்விப்பட்டோம். நாங்க என்ன செய்யணும்?"

முப்பிடாதி சேற்றில் தள்ளி நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

"மொதல்ல உக்காருங்க."